கொடுக்கிற கை

(பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நடந்த கைம்பெண்கள் கூடுகையில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



வாசலில் ஒரு பெரிய ஸ்டார் தொங்குகிறது. அதன் கீழே நுழைந்து வரும்போது உங்களில் சிலர் தலையை நிமிர்த்தாமலே வந்ததைப் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் நானும் அப்படித்தான் தெருவில் நடந்தேன். வீட்டுக்கு வீடு ஸ்டார் எரிந்தது. எங்கள் வீட்டு வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. அந்த அக்டோபரில்தான் என் வீட்டுக்காரர் போயிருந்தார்.

கல்யாணமான வருஷம் வருகிற கிறிஸ்துமஸைத் தலை கிறிஸ்துமஸ் என்று கொண்டாடுகிறோம். புதுச்சேலை, விருந்து, சீர் என்று அதற்கு ஆயிரம் முறை உண்டு. துணையை இழந்த பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸுக்குப் பெயரே இல்லை. அதற்கு இருக்கிற முறையெல்லாம் ‘செய்யக்கூடாது’ என்கிற முறைதான். ஸ்டார் கட்டக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது, புதுசு உடுத்தக்கூடாது, கேரல் பாடுகிறவர்கள் வீட்டுக்குள் வந்து பாடக்கூடாது.

துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது என்பதால் அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். அது நல்ல வழக்கம், அன்பான வழக்கம். அந்த வருஷம் இருபத்துநாலாம் தேதி மத்தியானத்துக்குள் என் வீட்டு மேஜையில் எட்டு டப்பா சேர்ந்துவிட்டது. முந்திரிக்கொத்து, அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, கேக். பிள்ளைகள் வெளியூரில். சாப்பிட ஆள் இல்லை. எட்டாவது டப்பாவை வாங்கும்போது என் கை கூசியது. முப்பத்தொரு கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தனுப்பிய கை அது. அந்த வருஷம் வாங்குவதற்கு மட்டும் நீண்டது.

அன்று மேஜை முன்னால் உட்கார்ந்து யோசித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணியானால் அவருக்குச் சுக்குக்காப்பி வேண்டும். அவர் போன பிறகும் ஆறு மணிக்கு என் கை தானாகவே பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றியது. ஒரு டம்ளரைத் திரும்ப ஊற்றும்போதுதான் அழுகை வரும். மாத்திரை எடுத்து வைப்பது, சட்டை தேய்ப்பது, கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது என்று முப்பத்தொரு வருஷம் பழகிய கை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். சிலருக்கு ஆறு மணி, சிலருக்கு விடியக்காலம் நாலு மணி.

கணவரை இழந்தவள் தன்னை நேசித்த ஒருவரை இழந்தாள் என்று ஊர் சொல்கிறது. அது உண்மை. ஆனால் தினமும் தான் யாருக்குச் செய்தாளோ அந்த ஆளையும் அவள் இழந்தாள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நம் துக்கத்தில் பாதி, வேலை இழந்த கையின் துக்கம். அந்தக் கைக்கு ஆறுதல் வார்த்தை போதாது, செய்வதற்கு வேலை வேண்டும்.

அன்று சாயங்காலம் எட்டு டப்பாவையும் இரண்டு பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய சேவை செய்யும் எண்ணம் எதுவும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நோயாளிகளோடு கூட இருப்பவர்கள் வராண்டாவில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு அம்மா, பைக்கில் விழுந்து காலை முறித்துக்கொண்ட மகனுக்காக வந்திருந்தவர், முறுக்கைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "யக்கா, உங்க வீட்டுல யாரு தவறுனது?" என்று கேட்டார். நான் சொன்னேன். "எனக்கு ஏழு வருசம் ஆச்சு. இருங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று தன் பாட்டிலை எடுத்து நீட்டினார். கொடுக்கப் போனவள் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். இரண்டரை மாதத்தில் அன்று ராத்திரிதான் முதல்முதலாக நன்றாகத் தூங்கினேன்.

இப்போது வேதத்துக்கு வருகிறேன். நம் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வருஷந்தோறும் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறார்கள். தேவதூதர் உண்டு, மேய்ப்பர் உண்டு, ஞானிகள் உண்டு, ஆட்டுக்குட்டி வேஷங்கூட உண்டு. அன்னாள் வேஷம் கட்டிய ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. லூக்கா எழுதின சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில், மேய்ப்பர்கள் வந்துபோன அதே அதிகாரத்தில், அவள் இருக்கிறாள். ஆசேர் கோத்திரத்தாள், பானுவேலின் மகள். ஏழு வருஷம் மட்டும் கணவனோடு வாழ்ந்தவள். எண்பத்துநாலு வயதுக் கைம்பெண். குழந்தை இயேசுவைத் தாயும் தகப்பனும் எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது அங்கே வந்து நின்றாள். கண்ணாரக் கண்டதோடு நிற்கவில்லை, மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசினாள். தனக்குக் கிடைத்த ஆறுதலை முதல்நாளே பிறருக்குக் கொண்டுபோனாள்.

கிறிஸ்துமஸ் கதையிலேயே ஒரு கைம்பெண்ணுக்கு இடம் இருக்கிறது. ஓரத்தில் அல்ல, குழந்தைக்கு மிக அருகில். ஆகவே இந்தப் பண்டிகை நமக்கானதல்ல என்று யாராவது சொன்னால், லூக்காவைத் திறந்து காட்டுங்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்திலேயே கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். எலிசபெத் சீட்டன். 1774-ல் நியூயார்க்கில் பிறந்தவர். கணவர் வில்லியம் வியாபாரி. ஐந்து பிள்ளைகள். வசதியாக இருந்த காலத்தில், 1797-ல், நியூயார்க்கில் சிறுபிள்ளைகளோடு தவிக்கும் ஏழைக் கைம்பெண்களுக்காகச் சில பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதை முன்னின்று தொடங்கிய இசபெல்லா கிரகாமும் கைம்பெண்தான். எலிசபெத் அந்தச் சங்கத்தின் பொருளாளராக இருந்தார். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. தான் உதவுகிற பெண்களின் இடத்தில் ஆறு வருஷத்தில் தானே நிற்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

வியாபாரம் நொடித்தது. வில்லியமுக்குக் காசநோய் முற்றியது. வெயிலும் கடற்காற்றும் உடம்பைத் தேற்றும் என்று நம்பி 1803 அக்டோபரில் கப்பலேறி இத்தாலிக்குப் போனார்கள். எட்டு வயது மூத்த மகள் மட்டும் கூடப் போனாள். நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்ததால், லிவோர்னோ துறைமுகத்தில் அவர்களைக் கரையிறங்கவிடாமல், நோய்த் தடுப்புக்கான ஒரு கல் கட்டடத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் அடைத்து வைத்தார்கள். இருமி இரத்தம் கக்கும் கணவன், குளிரில் நடுங்கும் குழந்தை. டிசம்பர் 19-ஆம் தேதிதான் வெளியே விட்டார்கள். பீசா நகரில் கிறிஸ்துமஸ் வந்தது. 27-ஆம் தேதி வில்லியம் இறந்தார். எலிசபெத்துக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நான்கு பிள்ளைகள் கடலுக்கு அந்தப்பக்கம்.

ஊர் திரும்பியவரிடம் பணம் இல்லை. கத்தோலிக்க சபையில் சேர்ந்ததால் உறவினரில் பலர் விலகினார்கள். அவரிடம் மிஞ்சியிருந்தது சொல்லிக்கொடுக்கத் தெரிந்த கையும் வாயும். 1809-ல் மேரிலாந்து மாநிலத்தில் எமிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் கன்னியர் சபையைத் தொடங்கினார். அங்கே ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும் எழும்பியது. அதற்குப் பிறகு தம் மகள்களில் இரண்டு பேரையும் அவர் அடக்கம் பண்ணவேண்டி வந்தது. பள்ளிக்கூடம் நிற்கவில்லை. 1821 ஜனவரி 4-ஆம் தேதி, நாற்பத்தாறு வயதில் இறந்தார். 1975-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அமெரிக்காவில் பிறந்தவர்களில் முதல் புனிதர் அவர்.

இந்தக் கதையை நான் திரும்பத் திரும்ப நினைப்பதற்குக் காரணம் புனிதர் பட்டம் அல்ல. கைம்பெண்களுக்குக் கொடுத்துப் பழகிய அந்தக் கை, தானே கைம்பெண் ஆனபோது மடங்கி மடியில் விழவில்லை. தனக்குத் தெரிந்த வேலையையே மீண்டும் செய்தது.

இதற்கு நேர்மாறாகத் தெரிகிற இன்னொருவரைப் பாருங்கள். விக்டோரியா மகாராணி. அவர் கணவர் ஆல்பர்ட் இறந்தது 1861 டிசம்பர் 14-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்குப் பதினொரு நாள் முன்னால். இங்கிலாந்து வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் பழக்கம் பரவியதற்கு இந்தக் குடும்பம் பெரிய காரணம். ராணியும் கணவரும் பிள்ளைகளும் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்து நாடெங்கும் போயிற்று. அப்படிப்பட்டவர் கணவர் போன பிறகு கறுப்பு உடுத்தி ஏறக்குறைய நாற்பது வருஷம் வாழ்ந்தார். ஆல்பர்ட்டின் அறையை அப்படியே வைத்திருந்தார். காலையில் அவர் சவரம் செய்ய வெந்நீர் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். அதைப் படித்தபோது என் இரண்டாவது டம்ளர் தண்ணீர் ஞாபகம் வந்தது. ராணியானாலும் வாத்தியாரம்மாவானாலும் கை தேடுவது ஒன்றைத்தான்.

ஆனாலும் ஆல்பர்ட் இறந்து ஐந்தே வாரத்தில் ஒன்று நடந்தது. 1862 ஜனவரி 16-ஆம் தேதி, வட இங்கிலாந்தில் ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரத்தின் பெரிய இரும்புச் சட்டம் முறிந்து விழுந்து, உள்ளே போகவர இருந்த ஒரே வாயை அடைத்துவிட்டது. 204 ஆண்களும் சிறுவர்களும் மாண்டார்கள். துக்கத்தில் ஒதுங்கியிருந்த ராணி, அந்தச் சுரங்கக்காரர்களின் மனைவிமாருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார். தன் துயரமே தன்னை அவர்களுக்காக அதிகம் வருந்த வைக்கிறது என்பது அதன் சாரம். அந்த ஒரு நாள் வெந்நீர் சரியான விலாசத்துக்குப் போயிற்று என்றே நான் நினைக்கிறேன்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் பாளையங்கோட்டைக்கே வருவோம். பாப்பாத்தியம்மாள் கோயிலைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க முடியாது. அது எழும்பக் காரணமான கிளாரிந்தா மராட்டியப் பிராமணப் பெண். சின்ன வயதில் கணவனை இழந்தவர். பிறகு லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பாதுகாப்பில் இந்த ஊருக்கு வந்தார். அவரும் இறந்துபோனார். இரண்டு முறை தனியானவர். சொந்த சாதியும் ஏற்கவில்லை, வெள்ளைக்காரர் கூட்டமும் ஏற்கவில்லை. 1778-ல் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். ஊழியர் வேண்டும் என்று கேட்கத் தஞ்சாவூர்வரை போனார். அவர் முயற்சியால் எழும்பிய ஆலயத்தை 1785-ல் சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தத் திருச்சபை வரலாறு ஒரு கைம்பெண்ணின் கையிலிருந்து தொடங்குகிறது. அவர் கதையை அ. மாதவையா 1915-ல் நாவலாகவே எழுதினார்.

இதெல்லாம் பெரியவர்களின் கதை, நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். ஆராய்ச்சி செய்தவர்களும் அதைத்தான் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1967-ல் பாஸ்டன் நகரில் ஃபிலிஸ் சில்வர்மன் என்ற பெண்மணி, புதிதாகக் கணவனை இழந்தவர்களின் வீட்டுக்கு ஏற்கெனவே அந்த வழி நடந்த கைம்பெண்களையே அனுப்பினார். டாக்டரையோ ஐயரையோ விட அந்த அனுபவப்பட்டவளிடம் பேசுவது எளிதாக இருந்தது. 2008-ல் ஸ்டெஃபனி பிரவுனும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்து கடும் துக்கத்தில் இருந்தவர்களில் பிறருக்கு உதவியவர்களுக்கு, ஆறாம் மாதத்துக்கும் பதினெட்டாம் மாதத்துக்கும் இடையில் மனச்சோர்வு வேகமாகக் குறைந்திருந்தது. 2018-ல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பயன்பட்டது. துணையை இழந்த பிறகு வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தொண்டு செய்யத் தொடங்கியவர்களின் தனிமை, துணையோடு வாழ்கிறவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அதைவிடக் குறைந்த நேரம் செய்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

இரண்டு மணி நேரம். வாரத்துக்கு. அந்த அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கொடுப்பது அழுகையை நிறுத்தும் மருந்து அல்ல. முதல் வருஷம் நானே அந்தத் தப்பைச் செய்தேன். நினைவு வரக்கூடாது என்று ஆஸ்பத்திரி, இல்லம், ஜெபக்குழு என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ஓடி முடித்து வீட்டுக்கு வந்தால் துக்கம் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தது. அழவேண்டிய அழுகையை அழுதுதான் தீரவேண்டும். அழுதுகொண்டே கொடுக்கலாம், அதில் குற்றம் இல்லை. இன்னும் எழுந்திருக்கவே முடியாத நிலையில் இருக்கிறவர்கள் இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் சரிதான். மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், உயிர் வேண்டாம் என்று தோன்றினால் டாக்டரைப் பாருங்கள். ஜெபத்துக்கு அது எதிரானதல்ல.

இன்னொன்று. நாம் தேடிப் போகிற ஏழை நம் மனப்பாரத்தை இறக்கிவைக்கும் சுமைதாங்கிக்கல் அல்ல. அவருக்கும் மானம் உண்டு, பசி உண்டு, பேசச் சொந்தக் கதை உண்டு. டிசம்பர் வந்தால் இல்லங்களில் கேக் மலையாகக் குவிகிறது. ஒரே நாளில் மூன்று கூட்டத்தார் வந்து பிரியாணி போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிப்ரவரியில் அதே பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. உங்கள் இரண்டு மணி நேரத்தை கிறிஸ்துமஸில் தொடங்குங்கள், கிறிஸ்துமஸோடு முடிக்காதீர்கள்.

எங்கே தொடங்குவது? முதலில் நம்மைப் போன்றவள் வீட்டில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட கைம்பெண்கள் இருந்தார்கள். நம் கடற்கரைக்குப் போனால் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே நினைவுநாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, வீடுகளில் ஸ்டார் கழற்றுவதற்கு முன்னால் சுனாமி அலை வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள், பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில். 2017-ல் ஒக்கி புயல் நவம்பர் கடைசியில் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதிகளில் கடலுக்குப் போனவர்களின் உடல்கூடத் திரும்பாத வீடுகளில் அந்தக் கிறிஸ்துமஸ் வந்தது. குழி இல்லை, கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம் இல்லை. அப்படிப்பட்ட ஒரு சகோதரியிடம் போனால் புத்தி சொல்லாதீர்கள். ‘எல்லாம் கர்த்தர் சித்தம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். போன கணவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவருக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று கேளுங்கள். செத்தவர் பெயரை யாரும் வாயெடுத்துச் சொல்லாததுதான் முதல் கிறிஸ்துமஸின் பெரிய கொடுமை.

அடுத்தது காகித வேலை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பாங்குக் கணக்கு, ரேஷன் கார்டு. படித்த எனக்கே தலை சுற்றியது. தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 2023-ல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. தகுதி இருந்தும் வாங்காத பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஒருத்தியின் கூடப் போய் வரிசையில் நிற்பது பலகாரத்தை விடப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசு. மூன்றாவது, உங்கள் கைக்குத் தெரிந்ததைச் செய்யுங்கள். தையல் தெரிந்தவள் தைக்கட்டும். யோப்பாவில் தொற்காள் விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தாளே, அவள் இறந்தபோது அவர்கள் அந்த உடைகளைத் தூக்கிக் காட்டித்தானே அழுதார்கள். நான் கணக்கு டீச்சர். இப்போது வியாழன்தோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். ஆறு மணிக்குச் சுக்குக்காப்பி இப்போதும் போடுகிறேன். ஆறு டம்ளர்.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சபை மூப்பர்களுக்கும் ஆண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையை வரவேற்க எல்லாரோடும் நானும் முன்னால் நின்றபோது, "டீச்சர், நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்க" என்று மெதுவாகச் சொன்னார்கள். சிலுவை தொங்கும் வீட்டிலேயே அதைச் சொன்னார்கள். ஆலயத்தில் கைம்பெண்களை வரிசையாக நிறுத்திச் சேலை கொடுக்கிறீர்கள், அதற்கு நன்றி. வாங்குகிற வரிசையில் மட்டும் எங்களை நிறுத்தாதீர்கள். குழந்தையை முதலில் கையில் ஏந்துகிறவளாக, பந்தியில் முதல் இலைக்குப் பரிமாறுகிறவளாக, திட்டம் போடும் கூட்டத்தில் வாய் திறந்து பேசுகிறவளாக நிறுத்துங்கள். அன்னாளை ஆலயத்தில் யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை.

சகோதரிகளே, வெளியே ஸ்டாருக்குக் கீழே ஒரு மேஜை போட்டிருக்கிறது. அதில் ஒரு நோட்டு இருக்கிறது. இந்த வருஷம் முதல் கிறிஸ்துமஸைத் தனியாகப் பார்க்கப்போகிற பெண்களின் பெயர்களை, அவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கி, அதில் எழுதி வைத்திருக்கிறோம். ஸ்டாரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லையா, பரவாயில்லை, பார்க்கவேண்டாம். அந்த நோட்டைப் பாருங்கள். ஒரு பெயரை எழுதிக்கொண்டு போங்கள். இருபத்துநாலாம் தேதிக்குள் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இரண்டு மணி நேரம் உட்காருங்கள். அடுத்த வாரமும் போங்கள்.